லோலிட்டா 53 வருடம் இருந்ததே, நன்றாகப் பார்த்துக்கொள்ளாமலா?

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நவம்பர் கடைசியில் சியாட்டிலில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் குடும்பத்தோடு போகிறீர்கள். அங்கிருந்து சான் டியாகோ சீவேர்ல்ட் பார்க்குக்குப் போய் ஓர்காவை, அதாவது கொலைகாரத் திமிங்கிலத்தை, பார்க்க வேண்டும் என்று பத்து வயது மகள் ஆசைப்படுகிறாள். உங்கள் மனைவி அது பாவம் என்கிறார். உங்களுக்கோ வேளாவேளைக்கு மீன், பக்கத்திலேயே டாக்டர், வேட்டைக்கு அலைய வேண்டாம், மயாமியில் தொட்டியில் வைத்திருந்த லோலிட்டா என்ற ஓர்கா 53 வருடம் உயிரோடு இருந்தது, இதில் என்ன பாவம் என்று தோன்றுகிறது. சாப்பாடும் மருந்தும் பாதுகாப்பும் கொடுத்தபிறகு ஒரு விலங்குக்கு வேறு என்னதான் பாக்கி இருக்கிறது என்றுதான் நீங்கள் கேட்பதாக எடுத்துக்கொள்கிறேன். நியாயமான கேள்வி. நானே ஒரு காலத்தில் இதைத்தான் கேட்டேன், அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு தொட்டி ஓரத்தில் நின்றபடி.

நான் கால்நடை மருத்துவர். வேப்பேரியில் படித்துவிட்டு, வளைகுடா நாடு ஒன்றில் டால்ஃபின் காட்சி நடத்தும் இடத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். ஓர்காவுக்கு என் கையால் ஊசி போட்டதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் கவனித்தவை பாட்டில்நோஸ் டால்ஃபின்கள். ஆனால் ஓர்காவும் டால்ஃபின் குடும்பம்தான், பெயரில் மட்டும்தான் திமிங்கிலம். மீன் கரைக்கும் அறை, வடிகட்டி, விசில், மருந்து கொடுக்கும் முறை எல்லாம் ஒன்றுதான், அளவுதான் வேறு. எனவே டால்ஃபின் என்று எழுதும் இடத்தில் நான் பார்த்தது, ஓர்கா என்று எழுதும் இடத்தில் நான் படித்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் லோலிட்டா. அது உங்கள் தம்பி வீட்டுப் பக்கத்துக் கடலில் பிறந்தது. 1970 ஆகஸ்ட் 8ஆம் தேதி, சியாட்டிலுக்கு வடக்கே விட்பி தீவில் பென் கோவ் என்ற சின்ன வளைகுடாவுக்குள், படகுகளால் விரட்டியும் தண்ணீரில் வெடி போட்டும் எண்பதுக்கும் மேற்பட்ட ஓர்காக்களை ஒதுக்கி வலை கட்டினார்கள். தூக்கி ஏற்றி அனுப்ப வசதி என்பதால் குட்டிகளைத்தான் தேடினார்கள். ஏழு குட்டிகள் விற்பனைக்குப் போயின. நான்கு குட்டிகளும் வளர்ந்த ஓர்கா ஒன்றும் வலையில் சிக்கி மூச்சுமுட்டிச் செத்தன. விஷயம் வெளியே தெரியாமல் இருக்க அவற்றின் வயிற்றைக் கிழித்துக் கல்லை நிரப்பி நங்கூரம் கட்டி ஆழத்தில் இறக்கினார்கள். நவம்பரில் குட்டிகளின் உடல்கள் கரை ஒதுங்கியபோதுதான் ஊருக்கே தெரிந்தது. வலைக்கு வெளியே இருந்த பெரியவை குட்டிகளைத் தூக்கி முடிக்கும்வரை கத்திக்கொண்டு அங்கேயே சுற்றின என்று அன்று அந்த வேலையைச் செய்தவர்களே பின்னால் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஏழில் ஒன்று, நான்கு வயது இருக்கலாம் என்று மதிப்பிட்ட பெண் குட்டி, செப்டம்பரில் மயாமி சீக்வேரியத்துக்குப் போனது. முதலில் டோகிடே என்று பெயர் வைத்தார்கள், காட்சிக்கு லோலிட்டா.

அதன் தொட்டி 80 அடி நீளம். நீந்தும் முக்கியப் பகுதியின் அகலம் 35 அடி, மிக ஆழமான இடத்தில் 20 அடி. லோலிட்டாவின் நீளமே ஏறக்குறைய 20 அடி என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். அமெரிக்க விதிப்படி ஓர்காவுக்குக் குறைந்தது 48 அடி அகலம் வேண்டும். நடுவில் இருந்த கான்கிரீட் மேடையைக் கழித்து அளப்பதா சேர்த்து அளப்பதா என்றே பல வருடம் சண்டை நடந்தது. கடலில் ஓர்கா ஒரே நாளில் 100 கிலோமீட்டருக்கு மேலும் போகும் என்று எல்லோரும் எழுதுவார்கள். அது உண்மைதான், ஆனால் அதை மட்டும் சொன்னால் உங்கள் வாதத்துக்குப் பதில் ஆகாது. ஓர்கா நடைப்பயிற்சிக்காகவா போகிறது, மீனைத் தேடித்தானே, மீனைக் கையிலேயே கொடுத்துவிட்டால் எதற்கு நீந்த வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அந்த வாதத்தில் பாதி சரி. மீதிப் பாதி என்ன என்று எனக்குப் புரிந்தது மீன் அறையில்தான்.

எங்கள் வேலை விடிவதற்கு முன்பே மீன் அறையில் தொடங்கும். பெட்டி பெட்டியாக உறைந்த ஹெர்ரிங், கேப்லின், கானாங்கெளுத்தி. உறைய வைத்துக் கரைக்கும்போது மீனில் உள்ள பி1 வைட்டமின் குறைந்துவிடும், அதனால் செவுளுக்குள் மாத்திரையைத் திணித்துக் கொடுப்போம். டால்ஃபினோ ஓர்காவோ கடல் தண்ணீரைக் குடித்து வாழ்வதில்லை, இரையில் இருக்கும் ஈரம்தான் அவற்றுக்குக் குடிநீர். கரைத்த மீனில் அந்த ஈரமும் குறைவு, அதனால் ஜெலட்டினைக் கட்டி கட்டியாக வெட்டி ஊட்டுவோம். ஓர்காக்களுக்கும் இதே முறைதான். அப்புறம் வயிற்றுப் புண். வேறு வேலை இல்லாத டால்ஃபின் தின்ற மீனைக் கக்கித் திரும்பத் தின்னும், நாள் முழுக்க அதையே செய்யும், அதற்கு ஒரு மருந்து. மூன்றாம் வருடம் ஒருநாள் என் சிகிச்சைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோது எனக்கே சங்கடமாகிவிட்டது. நான் எழுதியிருந்த மருந்துகளில் பெரும்பாதி, அந்தத் தொட்டி இல்லாவிட்டால் தேவையே இல்லாதவை. பக்கத்திலேயே டாக்டர் இருக்கிறார் என்கிறீர்களே, அந்த டாக்டர் நான்தான். தொட்டி உண்டாக்கிய குறையைத்தான் நான் தினமும் சரிக்கட்டிக்கொண்டிருந்தேன்.

ஓர்கா விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிவது பல்லில். அமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் தொட்டியில் இருந்த 29 ஓர்காக்களின் பற்களைப் புகைப்படங்களை வைத்து ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வந்தது. ஒன்றின் பல்வரிசைகூடச் சேதமில்லாமல் இல்லை. கான்கிரீட் விளிம்பையும் இரும்புக் கதவையும் கடித்துக் கடித்துத் தேய்ந்ததும் உடைந்ததும்தான் பெரும்பாலும். உடைந்த பல்லின் கூழ் வெளியே தெரிந்தால் சீழ் பிடிக்கும், அதனால் துளை போட்டுச் சுத்தம் செய்வார்கள். மனிதருக்குச் செய்வதுபோல் அடைத்து மூட முடியாது, திறந்தே விட்டு வாழ்நாள் முழுக்கத் தினமும் மருந்து நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். பயிற்சியாளர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, ஓர்கா தானாகவே வாயைத் திறந்து காட்டும். பார்க்கிறவருக்கு எவ்வளவு அக்கறை என்று தோன்றும், அக்கறைதான், அதில் பொய் இல்லை. ஆனால் அது எதைக் கடித்தது, ஏன் கடித்தது என்பது அந்தக் காட்சியில் தெரியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990இல் ஆர்லாண்டோவில் ஓர் ஆண் ஓர்காவும் 2007இல் சான் அன்டோனியோவில் இன்னோர் ஆண் ஓர்காவும் செத்தபோது கொசு பரப்பும் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அசையாமல் மணிக்கணக்கில் நீர்மட்டத்தில் மிதக்கிற உடம்பில்தான் கொசு வந்து உட்காரும்.

பல்லையும் வயிற்றையும்விடப் பெரியது உறவு. லோலிட்டாவின் கூட்டத்தில், அதாவது வாஷிங்டன் மாநிலக் கரையோரம் சால்மன் தின்று வாழும் ஓர்காக்களில், மகனோ மகளோ தாயை விட்டுப் போவதே இல்லை. முப்பது வயதைத் தாண்டிய ஆண்கூட அம்மா பக்கத்தில்தான் நீந்தும். தாய் செத்த அடுத்த வருடத்துக்குள் அந்த வயது மகன் சாகும் வாய்ப்பு 14 மடங்கு கூடுகிறது என்று பல பத்தாண்டுக் கணக்கெடுப்பை வைத்து 2012இல் காட்டினார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தனக்கென்று அழைப்பொலிகள் உண்டு, குட்டி அதைத் தாயிடம் கற்கும். லோலிட்டா பல வருடம் கழித்தும் தன் குழுவான ‘எல்’ குழுவின் அழைப்புகளை எழுப்பியது பதிவாகியிருக்கிறது. பதில் சொல்ல அந்தத் தொட்டியில் முதல் பத்து வருடம் ஹியூகோ என்ற ஆண் இருந்தது, அதுவும் அதே கடல்பகுதியில் 1968இல் பிடிபட்டதுதான். ஹியூகோ தலையைச் சுவரில் மோதிக்கொண்டே இருக்கும். 1980 மார்ச்சில் மூளை ரத்தக்குழாய் வெடித்துச் செத்தது. அதன்பின் 43 வருடம் லோலிட்டா வேறொரு ஓர்காவைப் பார்க்கவில்லை. கூட இருந்தவை சின்ன டால்ஃபின்கள்.

தனியாக வைத்ததுதான் தப்பு, கூட்டமாக வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கலாம். அது எந்தக் கூட்டம் என்பதைப் பொறுத்தது. நீங்கள் போவதாக இருக்கும் சான் டியாகோவிலேயே 1989 ஆகஸ்டில், ஐஸ்லாந்தில் பிடித்த காண்டு என்ற பெண் ஓர்கா, கனடாவில் பிடித்த கார்க்கி மேல் மோதியது. மோதிய வேகத்தில் காண்டுவின் தாடையே உடைந்து ரத்தக்குழாய் அறுந்து, முக்கால் மணி நேரம் ரத்தம் கொட்டிச் செத்தது, பக்கத்தில் அதன் பதினொரு மாதக் குட்டி சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டும் வெவ்வேறு கடல், வெவ்வேறு ‘மொழி’. கடலில் இரண்டு குழுவுக்கு ஒத்துவரவில்லை என்றால் ஒன்று விலகிப் போய்விடும், தொட்டியில் விலக இடம் இல்லை. தாயில்லாமல் போன அந்தக் குட்டிக்குப் பிறகு துணையாக இருந்தது கார்க்கிதான். கார்க்கி ஏழு முறை கருவுற்றது, அதன் சொந்தக் குட்டி ஒன்றுகூட இரண்டு மாதம் தாண்டவில்லை.

பயிற்சியாளர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பேச்சில் அவர்களைக் கொடியவர்களாக்கிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை யாரும் அடித்துப் பழக்குவதில்லை. சரியாகச் செய்தால் விசில், விசில் கேட்டால் மீன், தப்பாகச் செய்தால் மூன்று நொடி எதுவும் நடக்காதது போல நிற்பது, அவ்வளவுதான். வாலை நீட்டி ரத்தம் எடுக்கக் கொடுப்பதுகூட அப்படிப் பழகியதுதான். விடுமுறையிலும் வந்து தொட்டி ஓரம் உட்கார்ந்திருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். ஆனால் நான் வேலை பார்த்த இடத்தில் கூட்டம் அதிகமான நாளில் காலை மீனைக் குறைக்கச் சொல்லி மேலேயிருந்து வாய்வார்த்தையாக வரும், காட்சியில் சுறுசுறுப்பாக இருக்க வேண்டுமாம், எழுத்தில் எதுவும் இருக்காது. எதிர்த்தேன், இரண்டு முறை கேட்டார்கள், மூன்றாவது முறை என்னிடம் சொல்லாமலேயே குறைத்தார்கள். அந்த இடத்தை நான் விட்டதற்கு அது ஒரு காரணம். பிறகு, 2021 ஜூனில் அமெரிக்க வேளாண் துறை மயாமியில் செய்த ஆய்வின் அறிக்கையைப் படித்தபோது கை நடுங்கியது. மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியும் லோலிட்டாவின் தீனியைக் குறைத்ததும், கெட்டுப்போன மீனைப் போட்டதும், தாடையில் அடிபடுகிறது என்று எச்சரித்தும் தலைகீழாகப் பாயும் வித்தையைத் தொடர்ந்ததும் அதில் இருந்தன.

சலிப்பு என்ற விஷயத்தை எப்படி விளக்குவது என்று யோசித்தேன். கோயில் யானை தும்பிக்கையையும் தலையையும் ஆட்டிக்கொண்டே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், குழந்தைகள் யானை ஆடுது என்பார்கள். செய்ய ஒன்றும் இல்லாத விலங்கின் உடம்பு தன்னைத்தானே ஓட்டிக்கொள்வது அது. டால்ஃபின் ஒரே திசையில் வட்டமடிப்பதும், ஓர்கா கதவைக் கடிப்பதும் அதே வகை. நயாகராவில் இருந்த ஒரு மரைன் பார்க்கில் இளம் ஓர்கா ஒன்று மீனைத் துப்பி நீர்மட்டத்தில் மிதக்கவிட்டு, தின்ன இறங்கும் கடற்புறாவைப் பிடிக்கக் கற்றுக்கொண்டது. கொஞ்ச நாளில் கூட இருந்தவையும் அதைப் பார்த்துப் பழகிவிட்டன. மீன் கையிலேயே கிடைக்கிறது, இருந்தும் தானாக ஒரு வேட்டையைக் கண்டுபிடித்துக்கொண்டது. உங்கள் வாதத்தில் விட்டுப்போனது என்று முன்னால் சொன்ன அந்த மீதிப் பாதி இதுதான். தேடுவதும் திட்டமிடுவதும் ஏமாற்றுவதும் சொல்லிக்கொடுப்பதும்தான் அதற்கு ஒரு நாள். மீனை மட்டும் வாளியில் போட்டுக் கொடுத்துவிட்டு அந்த ஒரு நாளையே அதனிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டோம்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. முதுகுத் துடுப்பு மடங்கியிருப்பது சோகத்தின் அடையாளம் என்று படத்தோடு பகிர்கிறார்கள். தொட்டியில் வளர்ந்த பெரிய ஆண்களுக்கு எல்லாம் துடுப்பு சாய்வது உண்மை, கடலில் அது அரிது. ஆனால் துடுப்பில் எலும்பு இல்லை, வெறும் நார்த்திசுதான், எந்நேரமும் நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தன் எடையிலேயே சாயும் என்பதுதான் பலரும் ஏற்கும் விளக்கம். வலிக்கிறது என்பதற்கோ வருத்தம் என்பதற்கோ ஆதாரம் இல்லை. வழியறிய எழுப்பி, சுவரில் மோதித் திரும்பும் தன் ஒலியே ஓர்காவைப் பைத்தியமாக்குகிறது என்பதும் அப்படித்தான், கேட்க நியாயமாக இருக்கிறது, நிரூபணம் போதாது. நான் பார்த்த டால்ஃபின்கள் பழகிய தொட்டியில் அந்த ஒலியை மிகக் குறைவாகவே எழுப்பின, இருட்டறையில் நாம் பழகிய சாமானைத் தடவாமல் நடப்பதுபோல. ஆயுளைப் பற்றியும் சண்டை ஓயவில்லை. 2015இல் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டு ஆய்வுகள் வந்தன, சீவேர்ல்ட் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் எழுதியது கடலுக்கும் தொட்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றது, முன்னாள் பயிற்சியாளர்கள் எழுதியது தொட்டியில் ஆயுள் குறைவு என்றது. எதை எந்த வருடத்திலிருந்து கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது, பழைய காலத்தைவிட இப்போது நிலைமை தேறியிருப்பதும் நிஜம். மறுபக்கத்திலும் மிகைப்படுத்தல் உண்டு. கடலில் 105 வயது வரை வாழ்ந்ததாகச் சொன்ன ‘பாட்டி’ ஓர்காவின் வயதைப் பிற்பாடு ஆராய்ச்சியாளர்கள் வெகுவாகக் குறைத்து மதிப்பிட்டார்கள். பெண் ஓர்கா எண்பது வயதைத் தொடக்கூடும் என்பதில் சந்தேகம் இல்லை, சராசரி ஐம்பது அளவில்தான்.

இதை வைத்து உங்கள் 53 வருடத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் லோலிட்டாவின் கூட்டத்திலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்டவற்றைப் பிடித்துப் பல ஊர்ப் பார்க்குகளுக்கு அனுப்பினார்கள். 1987 ஆகும்போது அவற்றில் உயிரோடு மிஞ்சியது லோலிட்டா மட்டும். பராமரிப்பு அவ்வளவு நன்றாக இருந்திருந்தால் மற்றவையும் இருந்திருக்க வேண்டும். அந்த ஒன்றின் உடம்பு உறுதியானது, தப்பிப் பிழைத்தது என்றுதான் ஒரு மருத்துவராக என்னால் படிக்க முடிகிறது. 2022 மார்ச்சில் காட்சியிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள், அடுத்த மார்ச்சில் பிறந்த கடலுக்கே கொண்டுபோய் வலை கட்டிய இடத்தில் வைக்கப்போவதாக அறிவித்தார்கள். 2023 ஆகஸ்ட் 18இல் செத்துப்போனது. உடற்கூறாய்வில் நாள்பட்ட நிமோனியாவும் சிறுநீரக நோயும் இதய வால்வில் கோளாறும் இருந்தன. தங்கள் உறவென்றே அதைப் பேசிவந்த லம்மி பழங்குடியினர் செப்டம்பரில் சாம்பலை வாங்கி அந்தக் கடலில் கரைத்தார்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டியதுதானே என்று கேட்டால், வேண்டாம் என்பேன். ‘ஃப்ரீ வில்லி’ படத்தில் நடித்த கெய்கோ என்ற ஓர்காவின் கதை தெரிந்திருக்கும். மெக்சிகோ சிட்டியிலிருந்து அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக்குப் போய், 1998இல் தான் பிடிபட்ட ஐஸ்லாந்து கடலுக்கே திரும்பியது. 2002இல் தானாக நார்வே வரை நீந்தியது, அதுவும் மெலியாமல், அப்படியென்றால் வழியில் ஏதோ தின்றிருக்க வேண்டும். ஆனால் போய்ச் சேர்ந்ததும் மனிதர் பக்கமே தேடி வந்தது, எந்த ஓர்காக் கூட்டத்தோடும் நிரந்தரமாகச் சேரவில்லை, 2003 டிசம்பரில் நிமோனியாவில் செத்தது. வெற்றியா தோல்வியா என்று இன்றும் ஒத்த கருத்து இல்லை. பல் தேய்ந்து, தினமும் மருந்து நீர் தேவைப்படும், தொட்டியிலேயே பிறந்த ஓர்காவை நடுக்கடலில் விடுவது கருணை ஆகாது. வலை கட்டிய வளைகுடாவில் மருத்துவரோடு வைத்திருப்பது சாத்தியம் என்று நம்புகிறேன், அதற்கு ஆகும் செலவும் இடமும்தான் தடை. சான் டியாகோ பார்க்கை நடத்தும் சீவேர்ல்ட் நிறுவனம் 2016இல் இனப்பெருக்கத்தை நிறுத்தியது, அங்கே இருப்பவைதான் கடைசித் தலைமுறை. அதை நல்ல முடிவு என்றே சொல்வேன்.

மகளைக் கூட்டிப் போகலாமா என்ற உங்கள் நேரான கேள்விக்கு என் பதில், டிக்கெட் எடுக்க வேண்டாம் என்பதுதான். பாவம் புண்ணியம் பேசி அவளை அழவைக்கவும் வேண்டாம். நீங்கள் போகிற மாதத்தில், சம் என்ற வகை சால்மன் ஆற்றுக்குத் திரும்பும், அதன் பின்னாலேயே லோலிட்டாவின் கூட்டம் சியாட்டிலுக்கு எதிரேயுள்ள தண்ணீருக்குள் வருவது உண்டு. மொத்தமே 75 அளவில்தான் மிஞ்சியிருக்கின்றன. மேற்கு சியாட்டிலில் அல்கை முனையில் நின்றே பார்த்திருக்கிறார்கள், பெயின்பிரிட்ஜ் தீவுக்கும் வாஷான் தீவுக்கும் போகும் படகிலிருந்தும் பார்த்திருக்கிறார்கள். ஒரு பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள், மழைச் சட்டை கட்டாயம், நவம்பரில் அங்கே மணிக்கணக்கில் தூறும். அன்றன்றைக்கு எங்கே தென்பட்டது என்று அந்த ஊர்க்காரர்கள் இணையத்தில் போட்டுக்கொண்டே இருப்பார்கள், தம்பியிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாள் நின்றும் ஒரு துடுப்புகூடத் தெரியாமல் போகலாம், அதையும் மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.